‘தா’ எனப்படும் வாளும் என் கணவரின் வலது கண்ணும்

அனுப்புநர்:
ஐரின் ரெமிஜியஸ், வயது 70,
பணி நிறைவு பெற்ற தமிழாசிரியை,
ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு. சிவசங்கரன் அவர்கள்,
பதிவு அலுவலர்,
பழம்பொருள் பதிவு அலுவலகம்,
பெங்களூரு.

பொருள்: என் கணவர் திரு. ரெமிஜியஸ் அவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டுத் தங்கள் அலுவலகக் காப்பில் உள்ள பழைய வாள் மைசூரைச் சேர்ந்ததன்று, பர்மாவைச் சேர்ந்தது எனத் தெரிவித்து, நவம்பர் 24-க்கு முன் அதைத் திருப்பி ஒப்படைக்கக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 08.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் மூன்றாவது மனு. முதலாவதைக் கன்னடத்தில் கொடுத்தேன்; அது உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவதை ஆங்கிலத்தில் கொடுத்தேன். முதலாவது எங்கே என்று கேட்டு அது என்னிடமே திரும்பி வந்தது. இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த மாநிலத்து அலுவலகத்துக்குத் தமிழில் மனு கொடுப்பது முறையல்ல என்பதை அறிவேன். ஆகவே கன்னடச் சுருக்கம் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். சென்ற வாரம் தங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது தாங்கள் தொலைபேசியில் தங்கள் தாயாருடன் தமிழில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாரா, பின்னால் போட்டாரா என்று மூன்று முறை பொறுமையாகக் கேட்டீர்கள். அவ்வளவு பொறுமை உள்ளவரிடம் எல்லாவற்றையும் நம் மொழியில் விவரமாகச் சொல்லலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

2. என் கணவருக்கு வயது எழுபத்து நான்கு. இந்நகரின் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டு கருவிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கு கூடினாலும் பொறுக்காதவர். எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குக் கண்ணில் கிளாக்கோமா. இடது கண் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணுக்கு நடுவில் மட்டும் பார்வை இருக்கிறது; ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று அவரே சொல்லுவார். அந்தக் கண்ணுக்கு நவம்பர் 24 அன்று அறுவை சிகிச்சை. செய்தால் இருப்பது நிலைக்கலாம், போகவும் போகலாம். செய்யாவிட்டால் வரும் ஆண்டு நடுவுக்குள் நிச்சயம் போய்விடும் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மருத்துவச் சான்றின் நகலை இணைத்திருக்கிறேன்.

3. அந்த வாள் எங்களுக்கு வந்த வழி. எங்கள் எதிர்வீட்டில் டெரிக் என்ற ஆங்கிலோ இந்தியர் இருந்தார். 1989-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது, விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி அதை என் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தன் தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர் என்றும், கிழக்கிலிருந்து கொண்டுவந்தார் என்றும் மட்டும் சொன்னார். கிழக்கு என்றால் எந்தக் கிழக்கு? நான் பிறந்த கோலார் தங்கவயல்கூட இங்கிருந்து கிழக்குதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என் கணவர் முப்பத்தாறு ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

4. வாளைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். பிடியோடு சேர்த்து மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. லேசான வளைவு. பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் தடுப்புத் தகடு கிடையாது. பிடி சப்பாத்திக் கட்டைபோல் உருண்டை, இரண்டு கை கொள்ளும் நீளம், மேலே வெள்ளித் தகடும் பின்னிய வெள்ளிக் கம்பியும். உறை இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்து வெள்ளி வளையங்களால் கட்டியது. அலகின் அடியில், பிடியை ஒட்டி, இரும்பில் பதித்த வெள்ளிக் கம்பியால் ஒரு வரி உருண்டை எழுத்து.

5. இதை எந்த நாட்டு வாள் என்று சொல்வது எளிதன்று, ஐயா. அசாமின் எல்லையில் தொடங்கி வியட்நாம் வரைக்கும் தடுப்புத் தகடில்லாத, உருண்டைப் பிடி வைத்த வாள்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள்போல் ஒரே சாயலில் இருக்கின்றனவாம். முனை சதுரமாக வெட்டியிருக்கிறதா, கூராகப் போகிறதா, பிடியின் நீளம் அலகில் எத்தனை பங்கு, வெள்ளி வேலை எப்படி, உறையைக் கட்டிய கயிறு எத்தகையது என்று பார்த்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இவை அனைத்தும் எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். நாற்பத்தாறு ஆண்டு ஒருவரோடு சாப்பிட்டால் எல்லாம் தெரியும்.

6. டெரிக்கின் தாத்தா கப்பல்காரர் என்பதால் முதலில் மலாயா என்றார். 1998-இல் சயாம் என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த விருந்தினர் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று கேட்டார்கள். 2009-இல் லாவோஸ் என்று மாறினார். அதற்கும் ஒரு பிரியாணி. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாட்டு வாளையும் அளவோடு வரைந்து, ஒவ்வொரு நாட்டு எழுத்தையும் ஒரு வரிசை எழுதி, ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருக்கிறார். எங்கள் மகள் ஸ்னேஹா மூன்றாம் வகுப்பில் ‘என் தந்தையின் பொழுதுபோக்கு’ என்ற தலைப்பில் ‘என் அப்பா தினமும் கத்தியைப் பார்ப்பார்’ என்று ஒரே வரி எழுதினாள். தலைமையாசிரியை எங்களை அழைத்து, வீட்டில் எல்லாம் நலமா என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

7. அந்த எழுத்து வரியை மட்டும் அவர் பொருட்படுத்தவே இல்லை. இது இந்த ஊரில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எங்களுக்கு உருண்டையாக எழுத்து தெரிந்தால் கன்னடம். புரியாத உருண்டையாக இருந்தால் பழைய கன்னடம். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியரிடம் காட்டினோம். அவரும் பார்த்துவிட்டு, இது ஹளெகன்னடம், எனக்கு வராது என்று கௌரவமாகச் சொல்லிவிட்டார். யாருக்கும் வராத எழுத்தை யார் மறுப்பது? பிற்காலத்தில் மைசூர்ப் பக்கம் யாரோ வாங்கித் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார் என்று என் கணவர் முடிவு கட்டி, அந்த வரியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தார்.

8. இனிக் கைப்பற்றப்பட்ட விவரம். 06.09.2025 சனிக்கிழமை, கண் முழுவதும் போவதற்குள் அந்த வெள்ளியை ஒரு முறை துலக்கிப் பார்த்துவிடலாம் என்று, வாளை அதே படுக்கை விரிப்பில் சுற்றிச் சிவாஜிநகரில் ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் எடுத்துப் போனார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாதா திருவிழா நேரம், பேருந்து நிலையம் முழுக்கப் போலீஸ் நிற்கும் என்று நான் தடுத்திருப்பேன். பேருந்திலிருந்து இறங்கும்போது விரிப்பு விலகியிருக்கிறது. இந்த நகரத்தில் ரவுடிகள் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரியும் நீண்ட வெட்டுக்கத்திக்கு ‘லாங்’ என்று பெயர் என்பது தாங்கள் அறிந்ததே. பொருளைக் கைப்பற்றியதற்குக் காவலர் எழுதிய மகஜரில் ‘வெள்ளிப் பிடி போட்ட லாங், ஒன்று’ என்றிருக்கிறது.

9. அந்தப் படிவத்தில் மாற்றுப்பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாத மனிதர், ரெமி என்று சொல்லிவிட்டார். ஆக, ‘ரெமிஜியஸ் என்கிற ரெமி’ என்று பதிவாகிவிட்டது. ஐயோ, அந்தச் செய்தி எங்கள் ஜெபமாலைச் சங்கத்துக்குள் எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு மாதம் எல்லோரும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். காவல் ஆய்வாளர் நல்லவர். என் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, இது லாங் இல்லை, ஏதோ அரும்பொருள் என்று தாமே உணர்ந்து, வழக்குப் பதியாமல் தங்கள் அலுவலகத்தின் கருத்துக்கு அனுப்பிவைத்தார். காவல்துறை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

10. பார்வையில் குறிப்பிட்ட தங்கள் கடிதத்தில், வாளில் பழங்கன்னட எழுத்து காணப்படுவதால் அது மைசூர் அரசு காலத்து உள்நாட்டுப் பொருளாக இருக்கலாம் என்றும், எழுத்தியல் வல்லுநரின் கருத்து வரும்வரை, அதாவது பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை, காப்பில் இருக்கும் என்றும், வெளிநாட்டு மூலம் என உறுதியானால் உடையவரிடம் ஒப்படைக்கத் தடையில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. தங்கள் அலுவலகம் ஐந்து நிமிடத்தில் செய்த தவறை என் கணவர் முப்பத்தாறு ஆண்டுகள் செய்தார். ஆகவே தங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பதினெட்டு மாதத்தைப் படித்ததும் அவர் கடிதத்தை மடித்து, சரி, சர்க்கார் மெதுவாகவே பார்க்கட்டும் என்றார். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை. சுவரில் வாள் மாட்டியிருந்த இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன. நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

11. இப்போது உண்மைக்கு வருகிறேன். சிஸ்டர் டோரதி என்ற இளம் கன்னியர் பர்மாவின் தாவுங்கூ பக்கத்திலிருந்து இங்கே இறையியல் படிக்க வந்திருக்கிறார். எங்கள் பங்குக் கோவிலில் வயதானவர்களைச் சந்திக்கத் தமிழ் வேண்டும் என்று புதன்கிழமைதோறும் என்னிடம் எழுத்துப் படிக்க வருவார். 15.10.2025 அன்று அவர் மேசைக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். தங்கள் கடிதத்தோடு வந்த வாளின் புகைப்படம் நடுவில் கிடந்தது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் வழக்கமான பழங்கன்னடம். சிஸ்டர் ‘ழ’ எழுதிக்கொண்டிருந்தவர், பென்சிலை வைத்துவிட்டு அந்தப் படத்தின் மேல் குனிந்து, அவர் பக்கத்திலிருந்தபடியே, அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். நான் எழுந்து அவர் பக்கம் போய் நின்று பார்த்தேன். அது தலைகீழாக இருந்தது, ஐயா. எங்களுக்கு முப்பத்தாறு ஆண்டுகளாகத் தலைகீழாகவே இருந்திருக்கிறது. கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தால்தான் அது நேர் எழுத்து.

12. சிஸ்டர் படித்தபடி அதன் பொருள்: ‘ஆண்டு 1263, கொல்லர் போ சான் செய்தது’, அதன்பின் சகாயிங் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அவர்கள் கணக்கில் 1263 என்பது நமக்கு 1901. ஊர்ப்பெயரில் ஒரு வெள்ளிக்கம்பி உதிர்ந்திருப்பதால் அதை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்கிறார். இரண்டு ஊரும் பர்மாவில்தான் இருக்கின்றன. பெயர் பொறித்தவர் பிற்காலத்து மைசூர்க்காரர் அல்லர், வாளைச் செய்தவரே. பிடியின் நீளம், வெள்ளிப் பின்னல், உறையின் கட்டு ஆகியவையும் அந்நாட்டு வாளுக்குப் பொருந்துகின்றன என்பதை என் கணவரின் தகரப் பெட்டியில் உள்ள பர்மியத் தாளோடு ஒப்பிட்டு, அவர் தூங்கும்போது சரிபார்த்தேன். சிஸ்டர் கையொப்பமிட்ட மொழிபெயர்ப்பு, நேராகத் திருப்பி ஒட்டிய புகைப்படம், மருத்துவச் சான்று, மகஜரின் ஜெராக்ஸ் ஆகிய நான்கும் இத்துடன் உள்ளன. ஐயம் இருந்தால் தங்கள் அலுவலகத்தில் எவரேனும் வாளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். வல்லுநர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பர்மிய எழுத்து தெரிந்த எவர் ஒருவரும் போதும்.

13. அதைத் தலைகீழாக மாட்டியது யார் என்று தாங்கள் கேட்கப் போவதில்லை. நானாகவே சொல்லிவிடுகிறேன். நான்தான். 1989-இல் ஸ்னேஹாவுக்கு இரண்டு வயது. தூசி துடைக்கும்போது என் கை மேலிருந்து போகும். கூர்மை மேலே இருந்தால் கை கிழியும் என்று கூர்ப்பக்கத்தைக் கீழே வைத்து ஆணி அடித்து மாட்டினேன். அவர் எடுத்துப் பார்க்கும்போதும் சுவரில் இருந்தபடியே மடியில் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டார். முப்பத்தாறு ஆண்டு இந்த மனிதர் விடையைத் தேடியபோது, விடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டவள் நான். உண்மையைச் சொல்லப்போனால் அந்த வாளை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. விருந்தினர் வந்தால் கடன்காரன்போல் அதுதான் முதலில் கண்ணில் படும். என்ன செய்வது, அவரைப் பிடித்திருக்கிறது.

14. இவ்வகை வாளுக்குப் பர்மிய மொழியில் ‘தா’ என்று பெயராம். சிஸ்டர் சொல்லும்போது டாவுக்கும் தாவுக்கும் நடுவே கேட்கிறது. நான் பிள்ளைகளை ‘டா’ போட்டுக் கூப்பிடாத ஆசிரியை என்பதால் ‘தா’ என்றே எழுதுகிறேன். ஒன்றைக் கேட்பதற்கு நம் இலக்கணத்தில் மூன்று சொல் உண்டு. உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார், ஒத்தவரிடம் கேட்பவர் ‘தா’ என்பார், தாழ்ந்தவரிடம் கேட்பவர் ‘கொடு’ என்பார். முப்பத்து மூன்று ஆண்டு மாநகராட்சிப் பள்ளியில் இதை நடத்தி, இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் போட்டிருக்கிறேன். மனுதாரர் அதிகாரியிடம் ‘ஈ’ என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் பொருளின் பெயரே ‘தா’ என்று இருக்க, நான் என்ன செய்ய முடியும்? தங்களுக்கு ஒத்தவளாக நின்று கேட்டுவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். அம்மாவிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர் கோபிக்க மாட்டீர்கள்.

15. இதுவரை சொன்ன எதுவும் என் கணவருக்குத் தெரியாது. சிஸ்டர் படித்தபோது அவர் கண் சொட்டு மருந்து வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் படத்தை என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். பொய் சொல்லும்படி ஒரு கன்னியரை நான் கேட்கவில்லை. பேச்சு எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இந்த மனுவைத் தமிழில் எழுத இன்னொரு காரணமும் இதுவே. அவர் பிறந்து வளர்ந்தது இந்நகரின் கண்டோன்மென்ட் பகுதியில். பேசுவது, சண்டை போடுவது, செபிப்பது எல்லாம் தமிழில்தான், ஆனால் படிக்க வராது. தமிழாசிரியையைக் கட்டிக்கொண்டும் நாற்பத்தாறு ஆண்டுகளில் ‘க’வைத் தாண்டவில்லை. கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் படிப்பார், அதனால் கன்னடச் சுருக்கத்தில் வாளைத் திருப்பித் தருமாறு மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிட்டேன். இப்போதுகூட எதிரில் உட்கார்ந்து, என்ன ஐரின், பக்கம் பக்கமாக எழுதுகிறாய், கவர்னருக்கா என்று கேட்கிறார்.

16. அவரிடமே சொல்லிவிடலாமே என்று தங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பதினைந்தாம் தேதி அவர் மருந்தோடு உள்ளே நுழைந்தபோது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஐயா, பள்ளியில் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, விடைத்தாளை எட்டிப் பார்த்து நாம் விடையைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்பதை நான் முப்பத்து மூன்று ஆண்டு பார்த்திருக்கிறேன். இவர் முப்பத்தாறு ஆண்டு போட்ட கணக்கு இது. அந்தக் கண்ணில் இன்னும் நான்கு வாரத்துக்கு உறுதியான வெளிச்சம் இருக்கிறது. அதற்குப்பின் என்ன என்று மருத்துவருக்கே தெரியவில்லை. தன் கண்ணால் தானே கண்டுபிடித்துவிட்டு அவர் அந்த அறுவை அறைக்குள் போக வேண்டும். புகைப்படம் அவர் பார்வைக்குச் சிறியது, சாம்பல் நிறம். கடிதத்தோடு வந்த அன்று அதை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். வாள்தான் வேண்டும். மேலும், தெரிந்துகொண்டே தெரியாதவள்போல் அவருக்கு எதிரில் சாப்பிடுவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

17. ஆகவே என் கோரிக்கைகளைக் கீழே வைக்கிறேன்.

அ) வாளின் மூலம் பர்மா எனப் பதிவு செய்து, நவம்பர் 24-க்கு முன் அதைத் திருப்பி ஒப்படைக்க ஆணையிட வேண்டுகிறேன்.

ஆ) தங்கள் ஆணையின் நகலைக் காவல் நிலையத்துக்கும் அனுப்பி, மகஜரில் ‘லாங்’ என்பதை வாள் என்று திருத்தச் சொல்ல வேண்டுகிறேன். ‘என்கிற ரெமி’ அப்படியே இருக்கலாம். அதைப் பற்றி அவர் நண்பர்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்.

இ) இது எந்தச் சட்டத்திலும் இல்லாத கோரிக்கை. ஒப்படைக்கும் நாளில் அவரைப் பகல் பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். அவருக்கு நன்றாகத் தெரியும் நேரம் அதுதான். ஜன்னல் ஓரமாக ஒரு மேசை போட்டு, உறையைக் கழற்றி, கூர்ப்பக்கம் அவருக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வாளைக் கிடத்தி, அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். எழுத்து நேராக இருக்கும். மூலம் என்ன என்று தாங்கள் சொல்ல வேண்டாம். கையொப்பத்துக்கு முன் உடையவரின் கருத்து தேவை, எந்த நாட்டு வாள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள். பூதக்கண்ணாடியை அவரே கொண்டுவருவார். முதலில் லாவோஸ் என்பார். தாங்கள் தலையசைத்துக்கொண்டே இருங்கள். பழக்கத்தில் வாளைத் திருப்பப் பார்த்தால், பதிவுக்காக இப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லித் தடுத்துவிடுங்கள். அந்த வரியின் மேல் விரலை வைத்துத் தடவுவார். தகரப் பெட்டியிலுள்ள அத்தனை எழுத்து வரிசையும் அவருக்கு மனப்பாடம். அதிகபட்சம் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் தங்கள் அலுவலகத்தில் யாரும் அவரை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

பர்மா என்று அவர் சொன்னதும், தங்களுக்கு அது அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தயவுசெய்து ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீளமாகத்தான் இருக்கும். அதை முழுவதும் கேளுங்கள்.

நான் அன்று தங்கள் அறைக்குள் வர மாட்டேன். வராந்தாவில், அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு முன்பே தெரியும் என்பது என் முகத்தில் தெரிந்துவிடும். அந்த மனிதருக்கு எழுத்துதான் மங்கலாகத் தெரிகிறது. என் முகத்தை இருட்டிலும் படித்துவிடுவார்.

நம்பிக்கையோடும் சற்று அவசரத்தோடும்,

ஐரின் ரெமிஜியஸ்
(கையொப்பம்)

இடம்: பெங்களூரு
நாள்: 27.10.2025